தொன்னை நிறைய வெளிச்சம்

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், பகலிலும் தூங்கிக்கொண்டே இருக்கும் குகை ஒன்று இருந்தது. வெளியே பாறையெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கண் கூசும். உள்ளே நுழைந்தாலோ கும்மிருட்டு. ஆழத்தில் எங்கோ தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டென்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும்.

கோடையில் மான்கள் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. வாசலைத் தாண்டியதும் நின்றுவிடும். தன் குளம்பு தன் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அடுத்த அடி வைக்காது. ஏனென்றால் வழியோரத்தில் பெரிய பள்ளம் ஒன்று வாய் பிளந்து கிடந்தது.

இதைப் பார்த்துச் சிரிப்பதே தாண்டவன் என்ற குரங்குக்கு வேலை. அவனுக்கு எதிலும் அவசரம். காயைக் கடித்துவிட்டு, "சே, புளிப்பு!" என்று மரத்தைத் திட்டுகிற ஆள் அவன்!

ஒருநாள் உச்சிவெயிலில், அல்லி என்ற மானின் குட்டி அரும்பு, வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பின்னாலேயே குகைக்குள் ஓடிவிட்டது. அடுத்த கணம், "அம்மா! கால் வழுக்குது!" என்று உள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

"அசையாதே கண்ணே! அப்படியே நில், அம்மா வந்துவிட்டேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தாள் அல்லி. ஒன்றுமே தெரியவில்லை. நின்றுவிட்டாள்.

"ஏன் நிற்கிறாய்? நீயெல்லாம் ஒரு தாயா? ஓடு!" என்று வாசலில் நின்று குதித்தான் தாண்டவன்.

"ஓடினால் நானும் பள்ளத்தில்தான் விழுவேன், அண்ணே. என் கண் இன்னும் உள்ளே வந்து சேரவில்லை."

"கண் வந்து சேரவில்லையாம்! நல்ல கதை! இரு, நான் வெளிச்சம் கொண்டுவருகிறேன்" என்று அவன் பறந்தான்.

அல்லி காத்திருந்தாள். பாவம், ஓடிவிடத்தான் அவள் கால் துடித்தது. பிள்ளை விசும்பும்போதெல்லாம், "இதோ, கண்ணே!" என்றாள். ஆனாலும் அசையவில்லை.

மெல்ல மெல்ல இருட்டு கரைந்தது. கருப்பு சாம்பலாயிற்று. தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. கூரையில் தொங்கிய வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவளுடைய குளம்பும் தெரிந்தது. அதோ, பள்ளத்தின் விளிம்பில், பொரியைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்! அரும்பேதான்! சின்னப் பாறை முனை ஒன்றில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தான் தாண்டவன். கையில் ஒரு தொன்னை. இலைக்கடியில் உறங்கிய மின்மினிகளையெல்லாம் வாரி அதில் நிரப்பியிருந்தான்.

"இந்தா அல்லி, வெளிச்சம்!" என்று தொன்னையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

சட்டென்று அல்லி ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்திருந்த கண்ணில் பளீரென்று பச்சை வெளிச்சம் வந்து நிறைந்தது. அவ்வளவுதான், பாறையையும் காணோம், பிள்ளையையும் காணோம்!

"எவ்வளவு பிரகாசம், பார்த்தாயா?"

"பிரகாசம் தெரிகிறது அண்ணே. பிள்ளைதான் தெரியவில்லை" என்று சொல்லி, அல்லி அவனைக் கடந்து போனாள். பிறகு திறந்த கண்ணை மூடி, மூடிய கண்ணைத் திறந்தாள். வெள்ளைப் புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. அடிமேல் அடி வைத்துப் போய், குட்டியைக் கழுத்தால் அணைத்துப் பின்னுக்கு நடத்திக்கொண்டு வந்தாள்.

தாண்டவன் சும்மா இருப்பானா? அவள் உள்ளே போகும்போதே, தொன்னையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். மடேரென்று பாறையில் மண்டை இடித்தது. தொன்னை விழுந்தது. மின்மினிகள் பறந்து, உயரே கூரையெங்கும் போய் ஒட்டிக்கொண்டன.

"ஐயோ அல்லி! பள்ளம் எங்கே? எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!"

"அசையாதே அண்ணே. அங்கேயே உட்கார்" என்றாள் அல்லி, அரும்பை நக்கிக்கொண்டே.

"இவ்வளவு வெளிச்சத்தில் எனக்குத் தெரியாத பிள்ளை, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

"ஒரு கண்ணை உன் விளக்குக்குக் கொடுத்தேன், அண்ணே. இன்னொன்றை என் பிள்ளைக்காக மூடி வைத்திருந்தேன்."

தாண்டவன் முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்தான். மின்மினிகள் தூக்கக் கலக்கத்தில் மினுக் மினுக்கென்றன. தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் கழித்து, "அட! என் வால் தெரிகிறது!" என்று மகிழ்ந்தான்.

மறுகணமே அலறினான்: "ஐயையோ! அது பள்ளத்துக்குள் அல்லவா தொங்குகிறது!"

நீதி: பதறுகிறவனுக்கு வெளிச்சமும் கண்ணை மறைக்கும், பொறுத்திருப்பவருக்கு இருட்டும் வழிகாட்டும்.