முள் சிலிர்க்காத முள்ளம்பன்றி

நெடுங்கல் காட்டில் ஈர்க்கி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. சருகு சரசரத்தால் போதும், அதன் முதுகு முட்கள் குத்திட்டு நின்றுவிடும். உடனே பின்பக்கமாகப் பாயும். பின்னால் நிற்பது புலியா, பக்கத்து வளைக்காரரா என்றுகூடப் பார்க்காது.

அந்தக் கோடையில் காட்டின் கிழக்கே தீப்பிடித்தது. அங்கிருந்த காட்டுப்பன்றிகள் தப்பியோடிப் பாறைக்குன்றில் ஏறிக்கொண்டன. மேலே தின்ன ஒரு கிழங்கு இல்லை. கீழே வர ஒரே வழி, குறுகலான கணவாய். அதைச் செந்நாய்க் கூட்டம் மறித்துக்கொண்டது. இரண்டு கூட்டத்துக்கும் வெகுகாலப் பகை. பன்றிகள் இறங்கினால் செந்நாய்கள் கடித்துக் குதறும். செந்நாய்கள் ஏறினால் பன்றிகள் குத்திக் கிழிக்கும். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் பட்டினி கிடந்தவை குட்டிகள்தான்.

மேலே சிக்கிக்கொண்டவர்களில் மண்ணாத்தா என்ற பெண்பன்றியும் ஒருத்தி. தீ வந்த அன்று, மரம் விழுந்து ஈர்க்கியின் வளையை அடைத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மண்ணாத்தா நின்று, மூக்கால் மண்ணைக் கிளறி, ஈர்க்கியை வெளியே இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஓடியது. இப்போது அது குட்டி போட்டிருக்கிறது, பால் வற்றிவிட்டது என்று மைனா ஒன்று சேதி சொன்னது. அன்றிலிருந்து ஈர்க்கிக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

வாலாயி என்ற மந்தி ஓர் ஏற்பாடு செய்தது. வெள்ளம் வந்த வருடங்களில் சிக்கியவர்களுக்குத் தீனி சுமந்து அதற்குப் பழக்கம் உண்டு.

"கிழங்கு இருக்கு. சுமக்க முதுகும் இருக்கு. கணவாயைத் தாண்டுறதுக்குத்தான் பழகணும். யார் யார் வர்றீங்க?" என்று கேட்டது வாலாயி.

பாறையன் என்ற கரடி முன்னால் வந்தது. சுருக்கு என்ற கீரி வந்தது. கடைசியில் ஈர்க்கியும் வந்தது.

"ஐயையோ! ஈர்க்கியக்கா பக்கத்திலே நான் நடக்கணுமா? என் தோல் சல்லடையாயிடும்!" என்றது சுருக்கு.

"என் சிநேகிதி மேலே இருக்கா. நான் வருவேன்" என்றது ஈர்க்கி.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. சுமையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். எந்த இடத்தில், எப்போது என்று தெரியாது. வாலாயி திடீரென்று புதரிலிருந்து குதித்து உறுமும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். சுமையை மெல்லக் கீழே வை. வயிறு தரையில் படும்படி படு. மூச்சை நிதானமாக விடு. நாங்கள் யார், என்ன கொண்டுபோகிறோம், யாருக்குக் கொண்டுபோகிறோம் என்பதை மட்டும் சொல். பொய் சொல்லாதே. பல்லைக் காட்டாதே.

முதல் தடவை வாலாயி குதித்ததும் ஈர்க்கி பின்னால் பாய்ந்தது. சுருக்கின் மூக்கில் முள் தைத்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல! செந்நாய் எதுக்கு? என்னைக் கொல்ல அக்கா ஒருத்தியே போதும்!" என்று அலறியது சுருக்கு.

ஈர்க்கிக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்குப் பயம் போகவே மாட்டேங்குது வாலாயி" என்றது.

"போகச் சொன்னது யாரு? பயம் இருக்கட்டும். முள்ளு மட்டும் படுக்கட்டும். எந்திரி, மறுபடி நடப்போம்."

மறுபடி நடந்தார்கள். வாலாயி மறுபடி குதித்தது. ஈர்க்கியின் முள் மறுபடி குத்தியது. வாலாயி பின்னாலிருந்து குதித்தது, தலைக்கு மேலிருந்து குதித்தது, ஈர்க்கியின் சுமையைப் பிடுங்கி எறிந்தது, காதருகே வந்து வாய்க்கு வந்தபடி ஏசியது. நாள் போகப் போக முட்கள் பாதி மட்டுமே எழுந்து நின்றன. பிறகு நடுங்கிவிட்டு அடங்கின. சுருக்கின் மூக்கும் ஆறியது.

பாறையன் மட்டும் மரத்தடியில் படுத்துக் கிடந்தது.

"பாறையண்ணே, நீங்களும் வாங்க. உங்களையும் ஏசிப் பார்க்கணும்" என்றது வாலாயி.

"இதெல்லாம் தொடைநடுங்கிகளுக்கு! எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. தெரியாத பயத்தை எப்படிப் பழகுறது? புறப்படும்போது எழுப்பு!" என்று திரும்பிப் படுத்துக்கொண்டது பாறையன்.

அவ்வளவு பெரிய சுமையைத் தூக்க வேறு ஆளில்லை. வாலாயி மனமில்லாமல் ஒப்புக்கொண்டது.

புறப்படும் நாள் வந்தது. தேக்கிலையில் கிழங்கைப் பொதிந்து, கொடியால் கட்டி, வெயில் ஏறுவதற்குள் கணவாயை அடைந்தார்கள். வாலாயி முன்னால், பாறையன் அடுத்து, ஈர்க்கியும் சுருக்கும் பின்னால்.

பாறை இடுக்கிலிருந்து ஒரு சீழ்க்கை ஒலி. இன்னொரு பக்கத்திலிருந்து பதில் சீழ்க்கை. கண் மூடித் திறப்பதற்குள் செந்நாய்கள் வழியை அடைத்து நின்றன. தலைவன் செவலையன் நிதானமாக நடந்து வந்தது.

வாலாயி சுமையை இறக்கியது. எல்லாரும் இறக்கினார்கள். பாறையன் மட்டும் நின்றபடியே இருந்தது.

"என்னடா இது, பன்றிப் பயல்களுக்குச் சீர்வரிசையா?" என்று சிரித்தது செவலையன். நேரே கரடியிடம் போய், அதன் சுமையை நகத்தால் கீறியது. கிழங்குகள் உருண்டோடின. "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டுப் பன்றிக்குப் பொதி சுமக்கிறியே! வெட்கமா இல்லே?"

பாறையனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு காலில் எழுந்து நின்று, மலை அதிர உறுமியது. "யாரைப் பார்த்துடா சொன்னே!"

அவ்வளவுதான். செந்நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வட்டம் கட்டின. ஒன்று வாலாயியின் வாலைக் கவ்வி, இன்னொன்று அதன் முகத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டது. வாலாயியால் வாய் திறக்க முடியவில்லை. வட்டம் நெருங்கியது.

ஈர்க்கியின் முதுகில் ஓர் அலை ஓடியது. முட்கள் எழத் தொடங்கின. ஒன்று எழுந்து நின்றால் போதும், செந்நாய்கள் பாய்ந்துவிடும். கிழங்கு இங்கேயே கிடக்கும். மண்ணாத்தாவின் குட்டிகள் நாளைப் பொழுதைப் பார்க்காது.

ஈர்க்கி வயிற்றைத் தரையில் அழுத்தியது. மூச்சை விட்டது. இன்னொரு முறை விட்டது. நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. ஆனால் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

"பாறையண்ணே, உட்காருங்க" என்றது ஈர்க்கி.

கரடி திரும்பிப் பார்த்தது. எல்லாரையும்விடப் பயந்தவள் படுத்தபடி கட்டளை இடுகிறாள்! சுற்றிலும் பல். என்ன செய்வதென்று தெரியாமல் அது பொத்தென்று உட்கார்ந்தது.

"நாங்க மேற்குக் காட்டிலேருந்து வர்றோம்" என்று ஈர்க்கி செவலையனிடம் சொன்னது. "கொண்டுவந்தது கிழங்கு. வேறெதுவும் இல்லை, எல்லாப் பொதியையும் பிரிச்சுப் பாருங்க. மேலே பட்டினி கிடக்கிற குட்டிகளுக்கு."

செவலையன் ஈர்க்கியின் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்தது. அந்த மூக்கெங்கும் பழைய குழித் தழும்புகள்.

"இது என்னன்னு தெரியுதா?" என்றது செவலையன்.

"தெரியுது. எங்க இனத்து முள்ளு."

"ஒரு மழைக்காலம் முழுக்க என்னாலே இரை கவ்வ முடியலே. இப்ப உன் முள்ளுக்கு நேரே மூக்கை நீட்டிக்கிட்டு நிற்கிறேன். நீ நினைச்சா குத்தலாம்."

"நினைச்சா குத்தலாம்."

"பின்னே ஏன் குத்தலே?"

"குத்தினா கிழங்கு மேலே போகாதுங்க."

செவலையன் மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஆயுதம் இல்லாதவர் கும்பிடுவதை அது எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. ஆயுதத்தை முதுகில் வைத்துக்கொண்டு மடக்கிப் படுப்பவரை இன்றுதான் பார்க்கிறது.

"நாளைக்கு எங்க குட்டிங்களுக்கு ஒண்ணுன்னா?" என்று கேட்டது.

"சொல்லி அனுப்புங்க. இதே மாதிரிதான் வருவோம்."

"கிழங்கு மட்டும்தான் கிடைக்கும்! கறி கேட்டா என்னைப் பார்க்காதீங்க!" என்று சுருக்கு வாய் தவறி உளறிவிட்டது. ஒரு கிழட்டுச் செந்நாய் களுக்கென்று சிரித்தது. வட்டம் தளர்ந்தது. வாலாயியின் வால் விடுபட்டது.

பொதிகளை எல்லாம் மோந்து பார்த்துவிட்டு, "போங்க" என்றது செவலையன். "ஆனா இந்தக் கரடி இங்கேயே இருக்கட்டும். கொதிக்கிற உலையை நான் மேலே விடமாட்டேன்."

பாறையன் உருண்டோடிய கிழங்குகளைப் பொறுக்கிக் கொடுத்தது. அதன் சுமையை மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஏறின.

மேலே மண்ணாத்தா எலும்பும் தோலுமாகக் கிடந்தது. ஈர்க்கியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. ஈர்க்கி கிழங்கைக் கடித்து மென்மையாக்கி அதன் வாயருகே வைத்தது. குட்டிகள் மூக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தன.

அப்போது ஒரு கொழுத்த ஆண்பன்றி நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தியது. "ஈர்க்கி, கீழே எத்தனை பேர் நிற்கிறானுங்க? எந்தப் பக்கம் காவல் குறைச்சல்? நீ சொன்னா இன்னைக்கே முடிச்சிடுவோம்!"

மண்ணாத்தா மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது. உயிரைக் காப்பாற்றியவள் பார்க்கிறாள். ஈர்க்கிக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"நாங்க கிழங்குதான் கொண்டுவந்தோம் மாமா, சேதி கொண்டுவரலே" என்றது ஈர்க்கி. "இதைச் சொன்னா நாளைக்கு எங்களுக்கு வழி கிடைக்காது. உங்க குட்டிக்குக் கிழங்கும் கிடைக்காது."

ஆண்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மண்ணாத்தா மட்டும் தலையசைத்துவிட்டு, இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டது.

மழை பெய்து புல் துளிர்க்கும்வரை ஈர்க்கி அந்தக் கணவாயைக் கடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு முறைகூட அதை யாரும் மறிக்கவில்லை.

பயமே இல்லை என்று மார் தட்டுகிறவரை விட, தன் பயத்தை அறிந்து அதைப் பழக்கி வைத்திருப்பவரே ஆபத்தில் பிறருக்கு உதவ முடியும்.