கரடி அடைத்த வைக்கோல்

தேக்குக் காட்டில் சடையன் என்ற கரடி பால் விற்று வந்தது. காட்டோரம் இருந்த காரி என்ற எருமையிடம் பால் கறக்கும். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போகும். வழியெல்லாம் கல்லும் குழியும். ஆனாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. அதில் சடையனுக்குத் தனிப் பெருமை.

குடத்தின் வாயில் வைக்கோலைச் சுருட்டி அடைத்திருக்கும். நாளாக நாளாக அந்தச் சுருள் அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டது. அதனால் சடையன் அதை மாற்றவே இல்லை.

புள்ளி என்ற மானுக்குப் பால் வற்றிவிட்டது. அதன் குட்டி சடையனின் பாலைத்தான் நம்பியிருந்தது.

"காய்ச்சிக் கொடுக்கட்டுமா, அண்ணே?" என்று முதல் நாளே மான் கேட்டது.

"என் பாலையா? அழுக்குப் பாலைத்தான் காய்ச்சணும்" என்று கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

கோடை வந்தது. குட்டிக்கு வயிற்றால் போயிற்று. எழுந்து நிற்கவும் தெம்பில்லை.

"குளத்துத் தண்ணியைக் கலந்தீங்களா, அண்ணே?" என்று மான் கேட்டது.

கரடிக்குச் சுருக்கென்றது. நேரே எருமையிடம் போயிற்று. "நீ எதைத் தின்னு தொலைச்சே?"

எருமை அசைபோடுவதை நிறுத்தவில்லை. "மடியைக் கழுவுறே. குடத்தைக் கழுவுறே. அந்த வைக்கோலை எப்போ கழுவினே?"

"வைக்கோலை யாராவது கழுவுவாங்களா? நீ அதைத்தானே திங்கிறே?"

"திங்கிறேன். பாலிலே ஊறி, காஞ்சு, மறுபடி ஊறினதைத் திங்கிறதில்லே."

கரடி நம்பவில்லை. மறுநாள் கறந்த பாலை இரண்டு குடங்களில் ஊற்றி நிழலில் வைத்தது. ஒன்றில் பழைய வைக்கோலை அடைத்தது. மற்றதைக் கழுவிய தேக்கிலையால் மூடியது.

உச்சிவேளையில் வந்து பார்த்தது. இலை மூடிய பால் நன்றாக இருந்தது. வைக்கோல் அடைத்த பால் திரிந்துபோய் நாறியது. சுருளை முகர்ந்த கரடி மூக்கைப் பொத்திக்கொண்டது. சுருளைத் தூர எறிந்தது. அந்தப் பாலையும் கொட்டியது.

மறுநாள் காலை புதுப் பாலோடு மானிடம் போயிற்று. தலையில் குடம், கையில் ஒரு கட்டுச் சுள்ளி.

"தப்பு என்னுதுதான், புள்ளி. இனிமேல் காய்ச்சியே கொடு. விறகு நான் கொண்டுவந்து போடுறேன்."

சில நாளில் குட்டி தேறியது. துள்ளி வந்து கரடியின் தொப்பையில் முட்டியது.

இப்போது தினம் ஒரு புது இலைதான் மூடி. குழியில் கால் வைத்தால் பால் தளும்பித் தலையில் வழியும். கரடி போகும் தடமெல்லாம் எறும்புக் கூட்டம்.

"என்ன சடையா, அதுக்குள்ளே நரைச்சிடுச்சா?" என்று மரத்திலிருந்த குரங்கு சிரித்தது.

"நரைக்கட்டும். குட்டி ஓடுற ஓட்டத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே சடையன் நடந்தது.

பாலை ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவருவதை விட, குடிக்கிறவர் வயிறு கெடாமல் கொண்டுவருவதே பெரிது.