வெள்ளரித் தோட்டத்தில் விமர்சனக் கூட்டம்

ஆலங்காட்டுக் குரங்குகள் கொட்டகை போட்டு, ‘சீறும் செவலை’ என்ற புதுப் படத்தைப் பகல் காட்சியாக ஓட்டின. செவலை என்ற உழவுக் காளையின் வயலை நாற்பது நரிகள் பிடுங்கிக்கொள்கின்றன. செவலை தனியாளாக நாற்பதையும் பந்தாடிவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

இடைவேளை விட்டதுமே காகம் வெளியே பறந்து வந்து புளியமரத்தில் உட்கார்ந்துவிட்டது. பாதிக்கு மேல் பார்த்தால் கருத்துக் கெட்டுப்போகும் என்பது அதன் கொள்கை. கூட்டம் வெளியே வந்ததும் கத்தியது.

“படம் பட்டாசு! சண்டைக்காகவே நூறு தடவை பார்க்கலாம்!”

கிளிக்குப் பொறுக்கவில்லை. கிளி நிறையப் படித்தது. அதை யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும்.

“கதை அரதப்பழசு! ஒரே முட்டுல பதினோரு நரி விழுமா? லாஜிக் வேண்டாமா?”

மான்கள் காகத்தின் பக்கம் சேர்ந்தன. மயில்கள் கிளியின் பக்கம்.

முயல் மட்டும் அழுதுகொண்டே வந்தது. ஏரிக்கரையில் அது வெள்ளரி போட்டிருந்தது. இரண்டு நரிகள் தினமும் வந்து பிஞ்சுகூட விடாமல் தின்றுகொண்டிருந்தன. மிச்சம் இருப்பதைப் பறிக்க இன்னும் நான்கு நாள் ஆகும். அதுவும் போனால் முயல் குட்டிகள் பட்டினிதான்.

அந்த இரண்டு நரிகளும் படத்துக்கு வந்திருந்தன!

“பாவம்ப்பா அந்த விவசாயி! எனக்கு அழுகையே வந்துடுச்சு!” என்று ஒரு நரி கண்ணைத் துடைத்தது. துடைத்துக்கொண்டே மற்ற நரியோடு வெள்ளரித் தோட்டத்தின் பக்கம் நடந்தது.

“காக்கா அண்ணே! நரிங்க என் தோட்டத்துக்குப் போகுதுங்க. யாராவது கூட வாங்க!” என்று முயல் கெஞ்சியது.

“இரு தம்பி, முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்” என்றது காகம்.

“செவலை மாதிரி நீயே முட்டித் தள்ளு!” என்றன மான்கள்.

முயலுக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“கிளியக்கா, செவலை மண்வெட்டியை அடிக்கத்தான் எடுத்தாரு. கடைசிவரைக்கும் ஒரு வாய்க்கால்கூட வெட்டலையே, கவனிச்சீங்களா?”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!” என்றது, அதைக் கவனிக்காத கிளி.

“பொய்! ரெண்டாம் பாதியில வெட்டினாரு!” என்றது, அதைப் பார்க்காத காகம்.

“சண்டை எதுக்கு? என் தோட்டத்துல நிஜ வாய்க்காலே இருக்கு. வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!”

கூட்டமே கிளம்பியது. வரப்பில் உட்கார்ந்து காகம் கத்தியது. கிளி அதைவிடப் பலமாகக் கத்தியது. மயில்கள் அகவின, மான்கள் காலை உதைத்தன. அந்த இரைச்சலைக் கேட்டு நரிகள் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடியே போய்விட்டன. விவாதம் நான்கு நாளும் நடந்தது. வாய்க்காலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் முயல் வெள்ளரி பறித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தது.

“எங்களுக்கு எதுக்கு?” என்றது காகம்.

“காவல் இருந்தீங்களே, அதுக்கு! படத்துல நாற்பது நரிக்கு ஒரு காளை போதும். இங்கே ரெண்டு நரியை விரட்ட நீங்க அத்தனை பேரும் வேண்டியிருந்தது.”

காகமும் கிளியும் வெட்கத்தோடு வெள்ளரியைக் கொத்தின.

திரையில் வரும் உழவனுக்காகக் கண்ணீர் விடுவதைவிட, பக்கத்துத் தோட்டத்து உழவனுக்குத் துணையாக நாலு பேர் போய் நிற்பதே உண்மையான உதவி.