நிகர், நிகரல்ல

கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு நூற்பாலை. அந்த ஆலைக்கு ஒரு கூடைப்பந்து அணி. அணியின் சென்டர் எபனேசர். ஆறடி மூன்று அங்குலம், முப்பத்துமூன்று வயது, எட்டு வருடமாகப் பதிலித் தொழிலாளி. கோப்பை வாங்கி வரும் அன்று அவன் ஆலையின் செல்லப்பிள்ளை. மறுநாள் காலை, வேலைக்கு வராதவன் இடத்துக்காகக் கேட்டில் காத்து நிற்கிற ஆள்.

அன்று மதியம் மூன்று மணி வெயிலில் கையில் ஒரு தாளோடு மைதானத்துக்கு வந்தான். தாள் வியர்வையில் நனைந்திருந்தது.

மாசானம் மாஸ்டர் ரிங்குக்குக் கீழே உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எபனேசருக்கு முன்னால் பதினைந்து வருடம் அந்த அணியின் சென்டர் அவர்தான். இப்போது பயிற்சியாளர்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வேலாண்டி அண்ணாச்சி, அப்புறம் நீங்க, அப்புறம் நான், இப்போ புதுசா வந்திருக்கிற இசக்கிராஜ். நாலு பேரும் ஒரே டீமுக்குத்தான் சென்டர். இதுல யாரு பெரிய ஆளு?"

மாஸ்டர் பம்பை நிறுத்தவில்லை.

"டீக்கடையில கேக்க வேண்டியதை இங்க வந்து கேக்குத."

"டீக்கடையில கேட்டா அடிதடி ஆயிரும். பெருசுங்க எல்லாம் வேலாண்டி அண்ணாச்சிதான்னு நிக்காங்க. வெறுங்காலோட குதிச்சுப் போர்டு உச்சியைத் தொட்டாராம்."

"அன்னைக்குப் போர்டே ஒரு பக்கம் சாஞ்சுதான் நின்னுச்சு. சாஞ்ச பக்கமாப் பாத்துத் தொட்டிருப்பாரு."

எபனேசருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ நீங்கதான் பெரிய ஆளா?"

"நான் ஆடினது சிமெண்ட் தரை. அவரு ஆடினது மண்ணு. மழை பெஞ்சா பந்து எழும்பாது, சேத்துல அப்படியே உக்காந்துக்கும். அதுல முப்பது பாயிண்ட் எடுத்த மனுசனையும் என்னையும் எந்தத் தராசுல வைப்ப?"

"சரி. என்னையும் இசக்கிராஜையும்? ரெண்டு பேருக்கும் ஒரே தரை, ஒரே பந்துதான்."

பம்பு நின்றது.

"அந்தத் தாளை இங்க கொண்டா."

எபனேசர் நீட்டினான். ஆலை அச்சடித்த தாள். உயரம், குதி, பந்துப் பிடி என்று கட்டங்கள். அடியில் ஒரு வரி: 'முந்தைய சென்டருக்கு நிகர் / நிகரல்ல.' அதற்கும் கீழே முந்தைய சென்டரின் கையெழுத்துக்கு ஒரு கோடு. 'நிகர்' என்று எழுதினால் புதிதாக வந்தவனை நிரந்தரமாக்க வேண்டும். 'நிகரல்ல' என்றால் அவனும் பதிலி. ஆட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளைக் கேட்டில் நிறுத்த, படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த தாள்.

காலையில் பர்சனல் ஆபீசர் அவனை நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஒரு வரிதானே எபனேசர். நிகரல்லன்னு எழுதிருங்க. உங்க நிரந்தர ஆர்டரைப் பத்தி நானே மேல பேசறேன். இல்ல, நிகர்னுதான் எழுதுவேன்னா அதுவும் உங்க இஷ்டம். ஆனா ஒரு டீமுக்கு ரெண்டு சென்டர் எதுக்கு? புளோரூம்ல ஆள் குறையுதுன்னு வேற சொல்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புளோரூம் என்பது பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கிற இடம். வாயில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனவனும் இருமிக்கொண்டுதான் வெளியே வருவான்.

"எத்தனை மணிக்குக் குடுக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"நாலு மணிச் சங்குக்குள்ள."

"இசக்கிராஜ் ஆட்டத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி?"

எபனேசர் குனிந்துகொண்டான். "நல்லாத்தான் ஆடுதான். நான் எகிறினா அவன் எனக்கு மேல நிக்கான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து கேக்குத?"

"அவன் கம்மிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா என் மனசு கேட்டுக்கும் மாஸ்டர். வீட்டுல பிள்ளைக்கு நாலு வயசு."

மாஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

எபனேசர் அந்தக் கையெழுத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"முந்தின சென்டர் கையெழுத்துன்னு போட்டிருக்கு. எனக்கும் ஒரு தாள் இருந்திருக்கும்லா?"

"இருந்துச்சு."

"யாரு எழுதினா?"

"நான்தான்."

மைதான ஓரத்து வேப்பமரத்துக் காகம் ஒன்று இறங்கி வந்து, ஆட்டக் கோட்டுக்குள் இரண்டு அடி நடந்து, திரும்பிப் பறந்தது.

"எட்டு வருசமா எனக்குச் சொல்லித் தாறீங்க."

"ஆமா."

"ஒருநாள்கூட என் முகத்தைப் பாத்துச் சொன்னதில்ல. நான் அதைக் கண்டிப்புன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. எனக்கும் வசதியா இருந்துச்சு."

"நான் அவ்வளவு மோசமாவா ஆடினேன்?"

"தெரியாது. உன் ஆட்டத்தை நான் அன்னைக்குப் பாக்கவே இல்ல. புளோரூம் கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மாஸ்டர் பந்தை ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"என் தாளை எழுதினது வேலாண்டி அண்ணாச்சி. நிகர்னு எழுதினாரு. அடுத்த வாரமே அவரைப் புளோரூமுக்குத் தள்ளிட்டாங்க. பதினாலு வருசம். கடைசியா ஆஸ்பத்திரியில பாக்கப் போனேன். ஒத்தைக் கையால பந்தைக் கவ்விப் பிடிக்கிற மனுசன், தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் தூக்க முடியாமப் படுத்திருந்தாரு. மூச்சு விடுத சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. அந்த வருசம்தான் நீ வந்த. உன் தாளும் வந்துச்சு."

"உங்களை அவர் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. 'முழங்காலை மடக்கிக் குதி, முதுகு போயிரும்'னாரு. அவ்வளவுதான்."

எபனேசர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். ஆபீசர் கொடுத்த பேனா அங்கேதான் இருந்தது.

"நான் என்ன எழுதட்டும் மாஸ்டர்?"

"அதைச் சொல்ல எனக்கு வாய் இல்ல."

"எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கும்."

"வேலாண்டி அண்ணாச்சி எப்படி எழுதினாரு? அவருக்குப் பயமே கிடையாதோ?"

"அவர் எழுதும்போது என்னையும் பக்கத்துல நிக்க வச்சிருந்தாங்க. கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. மூணே மூணு எழுத்து. அதை எழுதி முடிக்குறதுக்குள்ள ரெண்டு தடவை பேனாவைக் கீழ வச்சாரு."

"நீங்க எழுதும்போது?"

"எனக்குக் கை நடுங்கவே இல்ல, எபா."