கல்பாதையைக் கடந்த செம்பி

கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. அங்கே மூன்று ஆடுகள், இரண்டு முயல்கள், சேறு நிறைய நண்டுகள். வேறு குடியில்லை. தீவையும் கரையையும் சேர்ப்பது ஒரு கல்பாதை. நீர் வற்றினால் பாதை தெரியும். நீர் ஏறினால் அது கடலோடு கடலாகிவிடும்.

செம்பி என்ற ஆடு குட்டி போட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தீவில் புல் காய்ந்துபோனதால், குட்டியைத் தாழம்புதரில் படுக்கவைத்துவிட்டுக் கரைக்கு மேய வந்திருந்தாள். வயிறு நிறைந்தது. மடியும் கனத்தது. திரும்பும்போது, பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது.

நரி நலம் விசாரித்தது. தோப்புக்குப் பின்னால் பயறு முளைத்துக் கிடக்கிறது, வந்து பார் என்றது. கொம்புள்ள ஆட்டைத் தனியாக மடக்க முடியாது. பாதை முழுகும்வரை பேச்சில் நிறுத்திவைத்தால், அதற்குள் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள் என்பது நரியின் கணக்கு.

செம்பியின் கண் பாதையோரச் சேற்றில் இருந்தது. நண்டுகள் மண்ணை உருட்டி வளைகளை அடைத்துக்கொண்டிருந்தன. நண்டு கதவடைத்தபின் பாதையில் கால் வைப்பதில்லை என்பது தீவின் வழக்கம். பாதி வளைகள் மூடியாயிற்று.

"நான் கிளம்புகிறேன் தம்பி."

"என்ன அவசரம் அக்கா? பாதை காய்ந்துதானே கிடக்கிறது."

"இங்கே காய்ந்துதான் கிடக்கும். முதலில் முழுகுவது நடுப்பாதை."

"யார் சொன்னது, இந்த நண்டுகளா? அதுகளுக்கு நேராக நடக்கவே தெரியாது!"

"நடக்கத் தெரியாதுதான். நீர் வருவது தெரியும்."

சொல்லிக்கொண்டே செம்பி நரியைத் தாண்டிக் குதித்து ஓடினாள். பின்னங்காலைக் கவ்வினால் போதும் என்று நரியும் துரத்தியது.

நடுப்பாதையில் நீர் முழங்கால்வரை வந்தது. பிறகு வயிற்றைத் தொட்டது. பக்கவாட்டில் இழுத்தது. செம்பி திரும்பிப் பார்க்கவில்லை. குளம்பால் ஒவ்வொரு கல்லாகத் தடவி ஊன்றி நடந்தாள். குட்டி கத்துவது கேட்டது. அந்தத் திசையை விடவில்லை.

நரிக்குக் கல் தட்டுப்படவில்லை. நீரோட்டம் அதைப் புரட்டி ஒரு பாறையில் ஒதுக்கியது. நனைந்த வாலோடு அது அங்கேயே குந்தியிருந்தது. நீர் வற்றும்வரை வேறு வழியில்லை. முயல்கள் தீவின் ஓரத்துக்கு வந்து, இடம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயின.

செம்பி ஈரம் சொட்டச் சொட்டப் புதருக்குள் நுழைந்தாள். குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

வழிமறிப்பவன் சொல்லும் நேரத்தை நம்பாமல், அந்த இடத்தில் வாழ்கிறவர்கள் அறிந்ததை நம்பிக் கிளம்புகிறவரே வீடு சேர்வார்.