சூரியக் காற்று பட்ட கல்

அன்று மலைவீட்டில் இருந்தவர்கள்: ஆசிரியை திலகவதி அம்மா, சமையல் முத்துவடிவு, தோட்டம் பார்க்கும் இருளப்பன், அம்மாவிடம் பாடம் கேட்க வந்து தங்கியிருக்கும் சொக்கலிங்கம், அவர் மனைவி விசாலம், கண்டீபன். ஆக ஆறு பேர். பட்டாணி என்று ஒரு நாய்.

கண்டீபன் பையோடு வந்து நின்றார்.

"மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன் அம்மா. நாலு வருஷமா நீங்க பேசுறீங்க, நான் கேக்குறேன். எனக்குள்ள ஒண்ணும் மாறலை. நான் வெறும் கல்லு."

"நிலாவும் கல்லுதான்," என்றார் அம்மா.

"அதுக்கு?"

"சூரியன்லேருந்து ஒரு காத்து வந்து அது மேல படுது."

"நிலாவுலதான் காத்தே கிடையாதே?"

"இது வேற காத்து. சத்தம் கிடையாது. ஒரு தூசியைக்கூடத் தூக்காது. ஹைட்ரஜன் துகளா வந்து மண்ணுக்குள்ள புகுந்துக்கும். மண்ணு மெல்லக் கறுக்கும். கல்லுல இருக்கிற ஆக்சிஜனோட அந்த ஹைட்ரஜன் சேரும். காஞ்ச கல்லுல துளி ஈரம் பிறக்கும்."

"அது நிலாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இதுவரைக்கும் பையைத் தூக்கிக்கிட்டு வந்து புகார் சொன்னதில்லை."

விசாலம் சிரித்துவிட்டார். கண்டீபன் சிரிக்கவில்லை.

"சரி, போ," என்றார் அம்மா. "போறவர் பரிமாறிட்டுப் போகணும். இந்த வீட்டு வழக்கம்."

முத்துவடிவு கொழுக்கட்டைச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பதினொன்று இருந்தன.

"அண்ணே, வந்த அன்னைக்கு மாதிரி மூணைத் துண்டுல முடிஞ்சுக்காதீங்க. எண்ணி வச்சிருக்கேன்."

"நாலு வருஷமா இதையே சொல்லு."

கண்டீபன் பரிமாறினார். ஆளுக்கு இரண்டு வைத்தார். பட்டாணிக்கு ஒன்று போட்டார். தன் இலை முன் உட்கார்ந்தார்.

யாரும் சாப்பிடவில்லை. எல்லாரும் அவர் இலையையே பார்த்தார்கள்.

"உங்களுக்கு எங்க அண்ணே?"

கண்டீபன் இலையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். அதைக் கவிழ்த்தும் பார்த்தார்.

"அடடா! என்னைச் சேர்க்காம எண்ணிட்டேனே!"

"எதுக்கும் துண்டை உதறுங்க," என்றார் இருளப்பன்.

உதறினார். ஒன்றும் விழவில்லை.

முதலில் விசாலம் சிரித்தார். பிறகு எல்லாரும். கடைசியாகக் கண்டீபன். அவருக்குத்தான் கண்ணில் நீர் வந்தது.

ஆளுக்கு ஒன்று அவர் இலைக்கு வந்தது. ஐந்து. பட்டாணி தரவில்லை.

கீழே பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. கண்டீபன் வாய் நிறையக் கொழுக்கட்டை.

பஸ் போனது.

வீட்டில் மீதி, ஆறு பேரும் ஒரு நாயும்.