ராஜகுருவைக் கடித்த நாய்

கேளுங்கள். மலைகளுக்கு நடுவே வெற்றிலைக்குப் பேர்போன ஒரு சின்ன ராஜ்யம் முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஆண்ட மருதவர்மர் தன் வேட்டை நாய் ஈன்ற மூன்று குட்டிகளை மூவருக்குக் கொடுத்தார். ஒன்று தளபதிக்கு, ஒன்று ராணிக்கு, ஒன்று அரண்மனைக்கு வெற்றிலை தரும் கொடிக்கால்காரி அங்கம்மைக்கு.

தளபதி பிரம்பால் வளர்த்தார். ராணி மடியை விட்டு இறக்காமல் வளர்த்தாள். அங்கம்மை வயிறாரச் சோறு போட்டாள், ஓடி விளையாட விட்டாள், கொடியை மிதித்தால் மட்டும் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் நிறுத்தினாள். ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

ஒரு திருவிழாவில் தளபதிக்கு ஆசி வழங்க ராஜகுரு கையைத் தூக்கினார். தளபதியின் நாய் பாய்ந்து அந்தக் கையைக் கவ்விவிட்டது. பாவம், ஆசி பாதியிலேயே நின்றுபோனது. "கெட்ட ரத்தம். மூன்றையும் கொன்றுவிடுங்கள்" என்றார் ராஜா.

செய்தி அங்கம்மையின் காதுக்கு எட்டியது. அவள் தன் நாயைக் கூட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். என்ன துணிச்சல் பாருங்கள்.

"ராசா, ரத்தம் கெட்டதுன்னா மூணும் ஒண்ணுபோலத்தானே கடிக்கணும்? நீங்களே ஒருக்கா கையைத் தூக்கிப் பாருங்க. எம் பிள்ளை கடிச்சா நானே பிடிச்சுக் குடுத்துடுறேன்."

ராஜா சம்மதித்து, மற்ற இரண்டு நாய்களையும் சபைக்கு வரவழைத்தார். சங்கிலியில் கட்டியிருந்த தளபதியின் நாய், ராஜாவின் கை உயர்ந்ததுமே பல்லைக் காட்டிப் பாய்ந்தது. ராணியின் நாய் அலறிப்போய் அவள் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. அங்கம்மையின் நாய் உயர்ந்த கையைப் பார்த்தது. பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. அவள் லேசாகத் தலையசைத்தாள். அது ராஜாவிடம் போய் விரல்களை முகர்ந்து வாலாட்டியது.

ராஜா ஆணையைத் திரும்பப் பெற்றார். ராணி வெட்கப்பட்டு, அன்றே தன் நாயைத் தரையில் நடக்கவிட்டாள். யாரும் சீண்டப் பயந்த அந்தக் கடிநாயை அங்கம்மை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

மறுவருஷம் ராஜா அங்கம்மையின் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்க வந்தார். தலைக்கு மேலிருந்த ஓர் இளந்தளிரைப் பறிக்கக் கையைத் தூக்கினார். பிரம்படி பட்டு வளர்ந்த அந்த நாய் விறைத்து நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, அங்கம்மையின் முகத்தைப் பார்த்தது. ராஜா தளிரை மறந்தார். அவருடைய கை இறங்கி வந்து அதன் தலையைத் தடவியது.

வளர்க்கிற கை எப்படியோ, நாயின் குணமும் அப்படியே அமையும்.